முனை மழுங்கிய எழுத்து

என் பழைய மேக்புக்கின் விசைப்பலகையில் 'எல்' விசையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே கோடுகள்தான். ஆனால் ஒரு முனைகூட வெட்டுப்பட்டு நிற்கவில்லை. மெழுகு உருகி வழிந்து நின்றதுபோல அரைவட்டமாக முடிகிறது. விரல் தொட வேண்டிய இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து இருக்குமா என்று தெரியவில்லை.

இந்த எழுத்துருவின் பெயர் விஏஜி ரவுண்டட். பிறந்த இடம் கணினி அல்ல, கார் விற்பனை. 1979-இல் ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களைச் சேர்த்து விற்ற கடைகளுக்கு ஒரே முகம் வேண்டுமென்று செய்யப்பட்டது. ஆப்பிள் தன் விசைகளுக்கு எடுத்துக்கொண்டது பின்னால்தான். 2015-இல் அங்கே சான் பிரான்சிஸ்கோ என்ற வேறோர் எழுத்துரு வந்தது. எனக்கு அது கொஞ்சம் வருத்தமே.

உருண்ட முனை எளிமையாகத் தெரிகிறது, செய்வது எளிதல்ல. முனையை உருட்டினால் கோடு கண்ணுக்குக் குட்டையாகப்படும். அதனால் கொஞ்சம் நீட்டி வரைய வேண்டும். 'ஓ' போன்ற வட்டமும் அப்படித்தான்: 'எச்'சின் உயரத்துக்குச் சரியாக நிறுத்தினால் சிறுத்துவிடும், மேலும் கீழும் மயிரிழை தாண்ட வேண்டும். அளவுகோலை மீறினால்தான் கண்ணுக்குச் சமமாகிறது!

நீண்ட கட்டுரையை இதில் அச்சடித்தால் படிக்கச் சலிப்பாகிவிடும். கடைப் பலகை, மருந்துப் பெட்டி, குழந்தைகள் புத்தக அட்டை என்று நாலைந்து சொல்லோடு நிற்கும் இடங்களில்தான் இதன் அழகு.

என் விசையில் 'எல்'லின் கால் முனை பாதி தேய்ந்துவிட்டது. மிச்சமிருக்கும் பாதியிலும் அந்த உருட்டு தெரிகிறது.