அறுவதற்கு முன்பே அடங்கும் தந்தி

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் மரவேலைப்பாட்டில் மயங்கிவிட்டு நவராத்திரி மண்டபத்தை அரை நிமிஷத்தில் கடந்துவிடுகிறார்கள். அது காதால் பார்க்க வேண்டிய இடம். வரிசையாகக் கல்தூண்கள், முகம் தெரியுமளவுக்கு மினுங்கும் கறுப்புத் தரை, பக்கத்திலேயே தேவாரக்கெட்டு சரஸ்வதியின் சன்னதி. ஒலியை விழுங்க அங்கே துணியும் இல்லை, மெத்தையும் இல்லை. தம்புராவோ வீணையோ அப்படிப்பட்ட இடத்தில் ஒலித்தால் அதன் குறை நிறை இரண்டும் கல்லில் பட்டுத் திரும்பி வந்து காதில் விழும். நல்ல தந்தி எது, உயிர் போன தந்தி எது என்று தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான கூடம் எனக்குத் தெரியாது.

இங்கிருக்கும் சரஸ்வதியைக் கம்பர் வழிபட்ட மூர்த்தி என்று சொல்வது வழக்கம். திருவிதாங்கூரின் தலைநகர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவனந்தபுரத்துக்குப் போனது. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அம்மன் யானை மேல் அங்கே எழுந்தருளுகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும் உடன் போகிறார்கள். அங்குள்ள நவராத்திரி மண்டபத்தில், சுவாதித் திருநாள் (1813–1846) இயற்றிய ஒன்பது நவராத்திரிக் கிருதிகளை நாளுக்கு ஒன்றாகப் பாடுகிறார்கள். சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் முடியும் வரிசை அது. கச்சேரி மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குத்தான் முடியும். அந்த இரண்டரை மணி நேரமும் ஓயாமல் ஒலிப்பது தம்புரா ஒன்றுதான். பாடகருக்கு நடுவில் தனி ஆவர்த்தனத்தின்போதாவது ஓய்வு உண்டு. தம்புராவின் நான்கு தந்திகளுக்கு அதுவும் கிடையாது.

தந்தி கெடுவது என்றால் அறுந்துபோவது என்றே பலரும் நினைக்கிறார்கள். அறுவது கடைசி நாள் சமாசாரம். அதற்கு வெகுநாள் முன்பே நாதம் போய்விடுகிறது. தினமும் கேட்டுக்கொண்டே இருப்பதால் அது போனதே நமக்குத் தெரிவதில்லை.

நாதம் என்று எதைச் சொல்கிறோம்? தந்தியை மீட்டினால் முழு நீளமும் அசைகிறது. அதே கணத்தில் பாதி பாதியாகவும், மூன்று பங்காகவும், நான்கு, ஐந்து என மேலும் பல பங்குகளாகவும் அசைகிறது. பாதி தருவது மேல் ஸட்ஜம். மூன்று பங்கு அதற்கு மேலுள்ள பஞ்சமம். ஐந்து பங்கு அந்தர காந்தாரம். சுருதி கூடிய தம்புராவின் மந்தர ஸட்ஜத்திலிருந்து யாரும் மீட்டாமலே எழும்பி வருமே ஒரு காந்தாரம், அது இதுதான். ஸ்வயம்பூ காந்தாரம் என்று வித்வான்கள் சிலாகிப்பார்கள். சி.வி. ராமன் 1921இல் நம் தந்தி வாத்தியங்களைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையின் மையமே இந்த உடன்சுரங்களின் செழுமைதான். மேல்நாட்டுச் சூத்திரப்படி, ஒரு உடன்சுரத்தின் அசையாப் புள்ளியில் மீட்டினால் அந்த உடன்சுரம் எழக்கூடாது. தம்புராவிலும் வீணையிலும் அது எழுகிறது. அகன்று சற்றே வளைந்த குதிரையின் மேல் தந்தி தொட்டுத் தொட்டு விலகுவதே அதற்குக் காரணம் என்று அவர் காட்டினார். தம்புராவில் அந்தத் தொடுகையைச் சரிசெய்து கொடுப்பது தந்திக்கும் குதிரைக்கும் நடுவே நாம் நுழைக்கும் நூலிழை. அதற்கு ஜீவா என்று பெயர்.

பழைய தந்தியில் முதலில் விடைபெறுவது அந்தக் காந்தாரம். ஜீவாவை முன்னும் பின்னும் எவ்வளவு நகர்த்தினாலும் அது திரும்பாது. ஸட்ஜம் இருக்கும், பஞ்சமம் இருக்கும், சுருதியும் சேர்ந்த மாதிரியே இருக்கும். ஆனால் பாடுகிறவரைச் சுற்றி எழ வேண்டிய ரீங்காரம் இருக்காது.

காரணங்களில் முதலாவது அழுக்கு. வீணை வாசிக்கிறவர்கள் இடக்கை விரல் வழுக்கிப் போவதற்காகத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். அது தந்தியைத் துருவிலிருந்து ஓரளவு காப்பாற்றும். அதே எண்ணெய் வியர்வையோடும் தூசியோடும் சேர்ந்து, விரல் அதிகம் புழங்கும் இடங்களில் பசையாகப் படியும். தந்தி நீளம் முழுக்க ஒரே கனமாக இருந்தால்தான் பாதியும் மூன்றில் ஒன்றும் கணக்காக விழும். ஓரிடத்தில் கனம் கூடினாலோ, துரு அரித்து ஓரிடத்தில் குறைந்தாலோ உடன்சுரங்கள் ஆளுக்கொரு பக்கம் விலகும். அப்போது ஒரே தந்தி தனக்குத்தானே சுருதி சேராமல் நிற்கும். சுருதி கூட்டும் பிரடையை எத்தனை முறை முறுக்கினாலும் பயன் இல்லை.

இதில் அநியாயமாகப் பழி சுமப்பவை வீணையின் மெட்டுகள். மேல் ஸ்தாயியில் அபஸ்வரம் தட்டினால், மெழுகு இளகிவிட்டது, மேளம் கட்ட வேண்டும் என்று 24 மெட்டுகளையும் பிடுங்கிப் புதிதாக வைக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை போதும். முதல் தந்தியான சாரணியைப் பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டுங்கள். மேல் ஸட்ஜம் மணிபோல எழும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் சேரவில்லை என்றால் முதலில் புதுத் தந்தி போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மெட்டின் மேல் குற்றம் இருக்காது.

இரண்டாவது காரணம் தேய்மானம். நம் சங்கீதத்தின் பெருமையே இங்கே தந்திக்கு எமனாகிறது. வீணையில் கமகம் என்றால் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுப்பது. தோடியின் காந்தாரத்துக்கும் பைரவியின் நிஷாதத்துக்கும் ஒரே மெட்டில் எத்தனை இழுப்பு! மெட்டு வெண்கலம், தந்தி எஃகு. இரண்டும் உரசுகிற இடத்தில் தந்தியின் அடிப்பக்கம் தட்டையாகிறது. மெட்டிலும் பள்ளம் விழுகிறது. சாரணியின் அடியில் நகத்தை வைத்து மெல்ல ஓட்டிப் பாருங்கள். அதிகம் இழுபடும் மெட்டுகளுக்கு நேராக நகம் சிறிது தடுக்கும். அங்கே கம்பி மெலிந்திருக்கிறது. தந்தி பெரும்பாலும் அறுவதும் அந்த இடத்தில், இல்லாவிட்டால் தந்தியின் அடிமுனையைப் பிடிக்கும் லங்கரில் மாட்டியிருக்கும் முறுக்கில்.

மூன்றாவது, வீணையின் கனத்த தந்திகளான மந்தரமும் அனுமந்தரமும் படும் பாடு. இவற்றுக்குப் பித்தளை, வெண்கலக் கம்பிகளும் உண்டு. இப்போது நடுவே எஃகுக் கம்பி, அதன் மேல் மெல்லிய கம்பி சுற்றிய தந்திகளே அதிகம். சுற்றுகளுக்கு இடையில் எண்ணெயும் தூசியும் புகுந்து உறைந்துவிட்டால் சுற்றுக்கும் நடுக்கம்பிக்கும் நடுவே உராய்வு கூடும். மேல் உடன்சுரங்கள் எழும்போதே அந்த உராய்வில் கரைந்துபோகும். மிஞ்சுவது 'தொம்' என்ற ஒரு சத்தம்.

டபுள் பேஸ் வாசிக்கிறவர்கள் இதே கஷ்டத்தைப் பெரிய அளவில் படுகிறார்கள். ஆளுயர வாத்தியம், 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் நாதம், கனத்த தந்தி. முன்பு ஆட்டுக் குடலில் முறுக்கினார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் எஃகு பரவியது. வில்லில் தடவும் குங்கிலியப் பொடி தந்தியில் ஒட்டிக் கெட்டிப்படும். அதைத் துடைக்காமல் விட்டால் தந்தி வில்லுக்கு முதலில் பேச மறுக்கும், பிறகு இருமும். ஆனால் அங்கே மங்கிய தந்தியை விரும்புகிற ரசனையும் உண்டு. டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் டபுள் பேஸில் தொடங்கி எலெக்ட்ரிக் பேஸுக்கு வந்தவர். தந்தி அறுந்தாலன்றி மாற்றமாட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் பாட்டுகளைக் கேட்டால் அது சரி என்றே படுகிறது. பாட்டுக்கு அடியில் ஒரு தடித்த துடிப்பாக நிற்பதே அங்கே பேஸின் வேலை. நீண்ட கார்வை இருந்தால் இடைஞ்சல்தான்.

அந்த நியாயம் நம் வீணைக்குச் செல்லாது. நமக்கு ஒரு மீட்டில் மூன்று ஸ்வரம், நான்கு ஸ்வரம் வர வேண்டும். முதல் ஸ்வரம் மீட்டின் பலத்தில் ஒலிக்கும். அடுத்தவை எல்லாம் தந்தியில் மிச்சமிருக்கும் கார்வையில் பிறப்பவை. கார்வை செத்த தந்தியில் நாட்டக்குறிஞ்சி வாசிக்கும்போது வாசிப்பவரின் விரல் முழு பிரயோகத்தையும் செய்துவிடும். கேட்பவர் காதுக்கு வருவது பாதிதான். அதை ஈடுகட்ட வாசிப்பவர் அடிக்கடி மீட்டத் தொடங்குவார். அத்தோடு பாடுகிற வீணை தட்டுகிற வீணையாகிவிடும். இதற்கு ஒலிபெருக்கியில் மருந்து இல்லை. இல்லாத கார்வையை எந்த மைக்கும் பெருக்க முடியாது.

குமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் அதிகம் வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மண் இது. கடலும் தொலைவில்லை. உப்பு ஈரம் எஃகில் கரும்புள்ளியாகத் தொடங்கும், பித்தளையில் பச்சைக் களிம்பாகப் பூக்கும். உறை போட்டு மூடிவைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழுமாகப் பிடித்துத் துடைப்பது ஒரு நிமிஷ வேலை. துடைத்தபின் துணியில் ஏறியிருக்கும் கறுப்பைப் பார்த்தால், அதுவரை தந்தி எதைச் சுமந்துகொண்டிருந்தது என்று விளங்கும்.

சுசீந்திரத்து இசைத்தூண்களுக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. கல் துருப்பிடிக்காது, எண்ணெய் குடிக்காது. ஆனால் கல்லில் ஒரு ஸ்வரத்தை அடுத்த ஸ்வரத்துக்கு இழுத்துப் போக முடியாது. நமக்கு வேண்டியது அந்த இழுப்பு. ஆகையால் தேய்கிற பொருளைத்தான் நாம் நம்பியாக வேண்டும், தேய்ந்ததும் மாற்றியாக வேண்டும்.

நவராத்திரியில் வீணையையும் தம்புராவையும் சரஸ்வதிக்கு முன்னால் பூஜையில் வைத்துப் பூவும் சந்தனமும் சாத்துகிறோம். பூஜை முடிந்து விஜயதசமியன்று எடுத்து வாசிக்கத் தொடங்குகிறோம். வாத்தியத்தின் விலையோடு பார்த்தால் தந்தியின் விலை சொற்பம். புதுத் தந்தி இழுபட்டு ஒரு நிலைக்கு வரச் சில நாள் பிடிக்கும். ஆகவே இந்த வருஷம் நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னதாகவே வீட்டு வாத்தியத்தின் தந்திகளை மாற்றிவிடுங்கள். தம்புராவில் நான்கையும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற மூன்றும் அதோடு ஒட்டாது. கழற்றிய பழைய சாரணியை நகத்தால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.