ஓடுகிற எண்ணெய், உறைகிற மெழுகு

ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பி, சைக்கிளைச் சுவரில் சாய்த்ததும் நான் முதலில் தொடுவது செயினைத்தான். அதில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பிசுக்கை விரலில் எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பேன். வெறும் எண்ணெயாக இருந்தால் வழுக்கும். பெரும்பாலும் வழுக்காது, நறநறக்கும். கோவளத்துக்கு அப்பால் கடற்காற்று சாலைக்குக் குறுக்கே அள்ளிப் போட்ட மணல் அது.

ரோடு பைக் ஓட்டுகிறவர்கள் டீக்கடையில் கூடினால், ‘நீங்க என்ன லூப் போடுறீங்க?’ என்ற பேச்சு வராமல் கலைய மாட்டார்கள். லூப் என்றால் செயினுக்கு இடும் மசகு. பதில் எப்போதும் ஒரு பாட்டிலின் பெயராகத்தான் வரும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். நாம் ஓட்டும் சாலை செயினுக்குள் எதை அனுப்புகிறது? மணலையா, தண்ணீரையா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பாட்டில் விஷயம் பாதி முடிந்தது.

செயின் எங்கே தேய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய ரோலர் செயினின் வழிவந்ததுதான் இன்றைக்கும் நம் சைக்கிளில் ஓடுகிறது. ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். வெளியே பளபளக்கும் தகடுகளில் தேய்மானம் பெரிதாக இல்லை. பல்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு கண்ணியும் மடங்குகிறது. அப்போது நம் காலின் முழு இழுவையோடு பின்னும் அதைச் சுற்றிய உட்தகட்டின் விளிம்பும் உரசுகின்றன. தேய்மானம் அங்கேதான். ‘செயின் நீண்டுவிட்டது’ என்று சொல்கிறோம். இரும்பு ரப்பர் போல நீள்வதில்லை, மூட்டுகள் தளர்கின்றன. புதுச் செயினில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். 11, 12 கியர் செயின்களில் அது அரை சதவீதம் கூடினால் மாற்றிவிட வேண்டும். அரை சதவீதம் என்றால் அந்த நீளத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு மூட்டுக்குச் சராசரியாக 0.06 மில்லிமீட்டர். ஒரு பொடி மணல் துகளைவிடக் குறைவான இந்த அளவு தேய்ந்தால் செயினின் ஆயுள் முடிந்தது. அதற்கு மேலும் ஓட்டினால், பல செயின்களின் விலையுள்ள பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேஸட்டையும் அது தின்றுவிடும்.

ஆகவே லூப் போய்ச் சேர வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாத அந்த மூட்டின் உட்புறம். எண்ணெயின் பெருமையும் சிறுமையும் இங்கேதான் தொடங்குகின்றன. எண்ணெய் ஓடும். உரசலில் ஒதுங்கினாலும் திரும்பி வந்து இடத்தை நிரப்பும். ஆனால் ஓடுகிற எண்ணெய் தனியாக ஓடாது. வெளியே ஒட்டிய மணலையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகும். எண்ணெயும் மணலும் இரும்புத் துகளும் சேர்ந்தால், சாணை பிடிக்கிறவர் பயன்படுத்தும் பசைக்கு அருகில் வந்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஓடிய செயினைக் கழற்றி ஊறுகாய் பாட்டிலில் போட்டு, முங்கும்வரை டர்பன்டைன் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் மேலே தேநீர் நிறத்தில் தெளிந்திருக்கும். அடியில் ஒரு விரற்கடை கறுப்பு வண்டல். மேலே இருப்பதை இறுத்துவிட்டு வண்டலை வெள்ளைக் காகிதத்தில் தடவி வெயிலில் சாய்த்தால் புள்ளி புள்ளியாக மின்னும். கண்ணாடிபோல் மின்னுவது மணல். மங்கலாக மின்னுவது நம் செயின்.

மெழுகு இதற்கு நேர் எதிர். உருக்கிய பாரஃபின் மெழுகில் செயினை முக்கி எடுத்துத் தொங்கவிட்டால், மூட்டுக்குள் போன மெழுகு உறைந்து நின்றுவிடும். வெளிப்புறம் காய்ந்திருக்கும், மணல் ஒட்டாது. ஒட்டினாலும் உள்ளே கொண்டுபோக ஓடும் திரவம் எதுவும் இல்லை. தொட்டால் கை கறுக்காது. ஆனால் உரசலில் ஒதுங்கிய மெழுகு திரும்பி வராது. கலிஃபோர்னியாவின் ஜாப்ஸ்ட் பிராண்ட், சைக்கிள் சக்கரத்தைப் பற்றி நூல் எழுதிய பொறியாளர், மெழுகை நிராகரித்தது இந்தக் காரணத்தால்தான். ஓடாத பொருள் ஒதுங்கிய இடத்துக்குத் திரும்பாது, தண்ணீர் புகுந்தால் தடுக்காது, கீச்சிடத் தொடங்கும் என்பது அவர் வாதம்.

அவர் சொன்ன காரணம் சரி, முடிவுதான் எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை. அமெரிக்காவில் ஃப்ரிக்‌ஷன் ஃபேக்ட்ஸ் சோதனைக்கூடத்தை நடத்திய ஜேசன் ஸ்மித்தின் அளவீடுகளில் பாரஃபின் மெழுகு உராய்வு மிகக் குறைந்த வரிசையில் நின்றது. ஆஸ்திரேலியாவில் ஆடம் கெரின், இயந்திரத்தில் செயினை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி, நடுநடுவே தூசியையும் தண்ணீரையும் வேண்டுமென்றே சேர்த்துத் தேய்மானத்தை அளக்கிறார். தூசி சேர்த்த கட்டத்தில் பல எண்ணெய்கள் வேகமாகத் தோற்கின்றன, முக்கி எடுத்த மெழுகு நிற்கிறது. பிராண்ட் குறையாகக் கண்ட அதே அசையாமைதான் தூசிச் சாலையில் மெழுகின் பலம்.

வாட் கணக்கைச் சொல்லி மெழுகை விற்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. 1999இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு அளந்தபோது செயினின் திறன் 98.6 சதவீதம் வரை போனது. சுத்தமான சோதனைக்கூடத்தில் எந்த லூப் என்பது பெரிய வித்தியாசம் காட்டவில்லை. பிற்கால அளவீடுகள் சில வாட் வித்தியாசத்தைக் காட்டின, உண்மைதான். 200 வாட்டில் மிதிக்கிறவருக்கு 4 வாட் மிச்சமானால் வேகம் முக்கால் சதவீதம்கூடக் கூடாது, காற்றின் எதிர்ப்பு அப்படி. 100 நிமிடப் பயணத்தில் 40 விநாடி. பந்தயக்காரருக்கு அது பெரிது. நம்மைப் போன்றவர்களுக்கு மெழுகு தரும் லாபம் தேயாத கேஸட்டும் கறுக்காத கையும்தான், அதுவே போதுமான லாபம்.

மெழுகுக்கு நாம் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். புதுச் செயினில் தொழிற்சாலை தடவிய கிரீஸ் முழுக்கப் போனால்தான் மெழுகு பிடிக்கும். டர்பன்டைனில் மூன்று நான்கு முறை, அது நிறம் மாறாமல் வரும்வரை அலசி, கடைசியில் ஸ்பிரிட்டில் ஒரு முறை முக்கி உலர்த்த வேண்டும். சோம்பலில் இதைப் பாதியில் விட்டவர்கள்தான் ‘மெழுகு நிக்கலை’ என்று பிறகு குறை சொல்கிறார்கள். உருக்கும்போது தண்ணீருள்ள பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்தே உருக்க வேண்டும். சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மெழுகை நேராக காஸ் அடுப்பில் வைப்பது ஆபத்து. அதன் ஆவி பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, இன்னும் சீறும். இதை அறியாமல் சமையலறையில் முயல்பவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குக் கவலை. இன்னொரு செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. செயினை அடிக்கடி கழற்ற க்விக் லிங்க் வேண்டும். ஷிமானோவும் ஸ்ராமும் தங்கள் 11, 12 கியர் லிங்க்குகளை ஒரு முறைக்கு மேல் போடக் கூடாது என்கின்றன. சுமார் 300 கிலோமீட்டருக்கு ஒரு முறை மெழுகில் முக்குகிறவர், திரும்பத் திரும்ப மாட்டலாம் என்று தயாரிப்பாளரே சொல்லும் லிங்க்கைத் தேடி வாங்க வேண்டியிருக்கிறது.

பிறகு மழை. அக்டோபர் பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் என் தீர்ப்பு மாறுகிறது. மெழுகிட்ட செயினோடு ஒரு முறை நனைந்து வந்து, அலுப்பில் துடைக்காமல் விட்டேன். மறுநாள் காலை தகடுகளின் ஓரமெல்லாம் செம்மஞ்சள். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் ஓர் இரவு போதும். மெழுகு நகர்ந்த இடத்தில் வெறும் இரும்பு நிற்கிறது, எண்ணெய் என்றால் மெல்லிய படலமாவது பரவியிருக்கும். டிசம்பர் வரை நான் கெட்டியான எண்ணெய்க்கே போகிறேன்.

எண்ணெய்க்குப் போகிறவர் அதை இடும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு, தவறான எண்ணெயை வாங்குவதல்ல, பழைய அழுக்கின் மேலேயே புதிதை ஊற்றுவது. சத்தம் அடங்கிவிடுவதால் வேலை முடிந்ததென்று தோன்றுகிறது. உள்ளே அப்போதுதான் மணலுக்குப் புது வழி திறந்திருக்கிறது. முதலில் பனியன் வேஸ்ட்டால் செயினைப் பொத்திப் பிடித்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றித் துடைக்க வேண்டும், துணி கறுப்பதை நிறுத்தும்வரை. பிறகு கீழ்ச்செயினின் உட்பக்கத்தில் ரோலருக்கு ஒரு சொட்டு, ஒரு சுற்றுக்கு நூற்றுப்பத்துச் சொச்சம் சொட்டு. இன்றைய செயினில் ரோலருக்கு அடியில் முழு உருளை கிடையாது. இரண்டு தகடுகளின் விளிம்புகளுக்கு நடுவே சிறு இடைவெளி இருப்பதால் அந்தச் சொட்டு நேராகப் பின்னுக்குப் போய்விடும். பத்து நிமிடம் பின்னோக்கிச் சுற்றி, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கிளம்புமுன் மறுபடி துடைக்க வேண்டும். கடைசித் துடைப்பைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வெளியே மினுமினுக்கும் எண்ணெயால் செயினுக்கு ஒரு பயனும் இல்லை, அது மணலுக்கு விரித்த பாய். ஸ்ப்ரே டப்பா வேண்டவே வேண்டாம், டிஸ்க் பிரேக்கில் பட்டால் பேடையே மாற்ற வேண்டி வரும்.

‘எங்க அப்பா இருபது வருஷம் பழைய எஞ்சின் ஆயில்தான் போட்டார், ஒண்ணும் ஆகலை’ என்று சொல்பவர்கள் உண்டு. அந்த அனுபவம் பொய்யில்லை. அந்தக் கறுப்புச் சைக்கிளில் செயின் முழுவதையும் மூடிய தகரக் கவர் இருந்தது, மணல் எட்டவே இல்லை. செயினும் தடிமன், ஒரே பல்சக்கரத்தில் நேர்கோட்டில் ஓடியது. 12 கியர் செயினின் மொத்த அகலம் ஏறத்தாழ ஐந்தேகால் மில்லிமீட்டர். மூடியில்லாமல், பக்கவாட்டில் வளைந்து ஓடுகிறது. இதற்கு ஏற்கெனவே இரும்புத் துகள் கலந்த எண்ணெயைப் போடுவது தேய்மானத்தை நாமே ஊற்றுவதாகும்.

எனக்கு இன்னும் முடிவாகாதது நீண்ட பயணம் மட்டும்தான். 600 கிலோமீட்டர் பிரெவே என்னும் நெடுந்தொலைவுப் பயணத்தை 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். முக்கி எடுத்த மெழுகு ஏறத்தாழ பாதி வழியில், நள்ளிரவில் எங்கோ ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் வறண்டுவிடும். சொட்டாக இடும் திரவ மெழுகைக் கையில் கொண்டுபோகலாம், ஆனால் அது உலரச் சில மணி நேரம் வேண்டும். அந்த நேரம் நம்மிடம் இருக்காது. அங்கே எண்ணெயைச் சொட்டினால் செயின் அமைதியாகிவிடும். ஆனால் எண்ணெய் பட்ட மெழுகுச் செயினில் மறுபடி மெழுகு பிடிக்க, வீடு திரும்பியதும் டர்பன்டைன் பாட்டிலில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் அப்படிப்பட்ட பயணத்துக்கு முந்தைய வாரமே மெழுகைக் கரைத்து எடுத்துவிட்டு எண்ணெயோடு கிளம்புகிறேன். பின்பாக்கெட்டில் ஒரு சின்னப் பாட்டில், இரண்டு துண்டு பனியன் வேஸ்ட்.