வெப்பக் குழாயில் நானோ பாய்மம்: கடத்துதிறனா, திரியின் படிவா?

வெப்பக் குழாயில் நீருக்கு மாற்றாக நானோ பாய்மத்தை நிரப்பினால் வெப்பத்தடை குறைகிறது எனத் தமிழகப் பொறியியல் ஆய்வகங்கள் பலவும் அறிவித்துள்ளன. அம்முடிவை இக்கட்டுரை மறுக்கவில்லை. அதற்குக் கூறப்படும் காரணத்தையே ஐயுறுகிறது. துகள்கள் பாய்மத்தின் கடத்துதிறனைப் பெருக்குகின்றன, ஆதலின் குழாய் சிறப்பாக இயங்குகிறது என்னும் விளக்கம் ஆய்வேடுகளின் முன்னுரையில் தோன்றி, சோதிக்கப்படாமலே முடிவுரையை அடைந்துவிடுகிறது.

1995இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோய் நானோ பாய்மம் என்னும் பெயரை வழங்கினார். அதன்பின் கடத்துதிறனில் வியப்பூட்டும் உயர்வுகள் அறிவிக்கப்பட்டன. 2009இல் வெளிவந்த பன்னாட்டு ஒப்பீட்டு ஆய்வு அவ்வியப்பைத் தணித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பங்கேற்ற அவ்வாய்வின் ஆசிரியர்களுள் சென்னை ஐ.ஐ.டி.யின் சரித் தாசும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ஜான் பிலிப்பும் அடங்குவர். மாக்ஸ்வெல் வகுத்த பழைய கோட்பாட்டின் வழிவந்த சமன்பாட்டுடனேயே அளவீடுகள் பொருந்தின. நன்கு சிதறிய கோளத் துகள்கள் கனஅளவில் 1 விழுக்காடு கலந்திருப்பின் அது தரும் உயர்வு ஏறத்தாழ 3 விழுக்காடு. குழாயின் மொத்தத் தடையில் திரியில் ஊறிய நீர் ஒரு கூறு மட்டுமே. அவ்வாறாயின் 20, 30 விழுக்காடு எனப் பேசப்படும் தடைக்குறைவை இச்சிறு உயர்வு எங்ஙனம் விளைவிக்கும்?

குழாயின் இயக்கத்திலேயே விடை உள்ளது. ஆவியாகும் பகுதியில் நீர் ஆவியாகி, உள்ளுறை வெப்பத்தைச் சுமந்து சென்று, குளிர்முனையில் மீண்டும் நீராகிறது. பின்னர், அகல்விளக்கில் எண்ணெய் ஏறுவதுபோல, திரியின் நுண்துளைகள் வழியே திரும்புகிறது. துகளோ ஆவியாவதில்லை. தூத்துக்குடி உப்பளத்தில் நீர் போக உப்பு தங்குவதுபோல அது வெப்பமுனையிலேயே தங்குகிறது. குளிர்முனையில் பிறப்பது தூய நீர். எனவே நிரப்புமுன் குடுவையில் அளந்த கடத்துதிறன், இயங்கும் குழாய்க்குள் சுழலும் நீர்மத்தின் பண்பாகாது.

இவ்விடத்தில் கோவை காருண்யா பல்கலைக்கழகத்திலிருந்து 2012இல் வெளிவந்த ஆய்வு தனிக்கவனம் பெறத்தக்கது. அதில் நானோ துகள் நீரில் கலக்கப்படவில்லை. கம்பிவலைத் திரியின்மீது பூசப்பட்டது. அப்போதும் தடை குறைந்தது. படிவு, கொதித்தலுக்குரிய குமிழ்த்தோற்ற இடங்களைப் பெருக்குகிறது. நீர் பரவி ஒட்டுவதை எளிதாக்குகிறது. ஆனால் படிவு தடித்தால் நுண்துளைகளை அடைக்கவும் கூடும். கடத்துதிறன் விளக்கத்தை ஏற்போர்க்கு இவ்வச்சம் எழுவதே இல்லை. எனவே ஒரு நாள் அளவீட்டைக் கொண்டு பல்லாண்டு உழைக்க வேண்டிய கருவியை மதிப்பிடுகின்றனர்.

அளவீட்டிலும் ஒரு குறை உண்டு. மே மாத நண்பகலில் மாடித் தொட்டி நீர் எவ்வளவு சுடும் என்பதை மதுரை கே.கே. நகர்வாசிகள் நன்கறிவர். அத்தகைய நீரைக் குளிர்முனைக்கு விட்டு நானோ பாய்மக் குழாயையும், டிசம்பர் நீரைக் கொண்டு வெற்றுநீர்க் குழாயையும் அளந்து, இரண்டையும் ஒரே அட்டவணையில் இட்ட பிழையை யானும் செய்துள்ளேன்.

சிக்கலைத் தீர்க்கும் சோதனை எளியது. நானோ பாய்மத்துடன் இயங்கிய குழாயை வடித்து, தூய நீரை நிரப்பி, அதே வெப்பச் சுமையில் மீண்டும் அளக்க வேண்டும். தடை தாழ்ந்தே நின்றால் பயன் பாய்மத்தினுடையதன்று, திரியில் தங்கிய படிவினுடையது. தொடக்க நிலைக்கு மீண்டால் இக்கட்டுரையின் வாதம் வலுவிழக்கும். அதன்பின் குழாயை அறுத்துத் திரியை நுண்ணோக்கியில் காணுதல் வேண்டும். அரும்பாடுபட்டு வெற்றிடமாக்கி அடைத்த குழாயை அறுக்க எவர்க்கும் மனம் வருவதில்லை. நம் ஆய்வேடுகளில் திரியின் படம் அரிதாகவே காணப்படுவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.