ராபர்ட் ஃப்ராஸ்ட்: இயற்கைக் கவிஞர் மட்டுமா?

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் (1874–1963) சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டெர்ரியில் பண்ணை நடத்தியவர். பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர். 1914இல் வெளிவந்த 'நார்த் ஆஃப் பாஸ்டன்' தொகுப்பு அவருக்குப் புகழ் தேடித் தந்தது. புலிட்சர் பரிசை நான்கு முறை பெற்றார்.

பாடக் குறிப்புகள் பலவும் அவரை 'இயற்கைக் கவிஞர்' என்ற பட்டத்தோடு முடித்துவிடுகின்றன. ஆனால் அவர் கவிதைகளில் இயற்கை வெறும் காட்சியாக வருவது அரிது. 'மெண்டிங் வால்' கவிதையில் அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் இருவர் சரிந்த கற்சுவரைச் சீர்செய்கிறார்கள். 'அவுட், அவுட்' கவிதையில் விறகு அறுக்கும் சிறுவன் ரம்பத்தில் கை சிக்கி உயிரிழக்கிறான்.

தொல்காப்பியம் பயின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் பறவையும் கருப்பொருள். மனித உணர்வாகிய உரிப்பொருளே பாட்டின் உயிர். ஃப்ராஸ்டிடமும் அப்படித்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சங்க அகப்பாடலில் நிலம் பெரும்பாலும் தலைவியின் மனத்தோடு இசைந்து நிற்கும். ஃப்ராஸ்டின் காடும் பனியும் மனிதனின் துயரைக் கண்டுகொள்வதில்லை.

'ஸ்டாப்பிங் பை வுட்ஸ் ஆன் எ ஸ்னோயி ஈவ்னிங்' (1923) கவிதையின் இறுதி வரிகளை நேரு தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். நம் நாட்டில் அது கடமையை வலியுறுத்தும் கவிதையாகவே பெரிதும் அறியப்படுகிறது. பனி விழும் காட்டருகே அப்படியே நின்றுவிடத் தோன்றும் களைப்பும் அதில் இருக்கிறது. அந்தக் களைப்பை உணராமல் படித்தால் கடமையின் பாரமும் புரியாது. மாணவர்கள் ஃப்ராஸ்டைப் படிக்கும்போது, காட்டைப் பார்ப்பதற்கு முன் அங்கே நிற்கும் மனிதரைப் பார்க்க வேண்டும்.