நேதன் போனதாலா?

'மிஸ்ஃபிட்ஸ்' பார்த்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "நேதன் போனதோட சீரிஸ் முடிஞ்சிருச்சு" என்பார்கள். எனக்கு அது பாதி நியாயமாகத்தான் படுகிறது.

2009இல் பிரிட்டனின் இ4 அலைவரிசையில் தொடங்கிய தொடர் இது. நீதிமன்றம் விதித்த சமூக சேவையைச் செய்துகொண்டிருக்கும் ஐந்து இளைஞர்களைப் புயல் தாக்கி, ஆளுக்கொரு சக்தி கிடைக்கிறது. ஆரஞ்சு நிறச் சீருடை, லண்டன் தேம்ஸ்மீடின் கான்கிரீட் அடுக்குமாடிகள். உலகத்தைக் காப்பாற்றும் எண்ணம் யாருக்கும் கிடையாது. செத்த அதிகாரியை எங்கே புதைப்பது என்பதுதான் கவலை!

ஹோவர்ட் ஓவர்மனின் எழுத்தில் சக்தி என்பது பரிசு இல்லை, அவரவர் காயம். யாருமே கண்டுகொள்ளாத சைமன் மறைந்துபோகிறான். செய்ததை நினைத்துப் புழுங்கும் கர்டிஸ் காலத்தைப் பின்னால் இழுக்கிறான். அடுத்தவர் தன்னை என்ன நினைப்பாரோ என்று முறைத்துக்கொண்டே திரியும் கெல்லிக்கு, அந்த நினைப்பெல்லாம் காதில் விழுகிறது. சூப்பர் ஹீரோ கதைகளில் இவ்வளவு கச்சிதமாக நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டாம் சீசன் கடைசியில், கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயத்தில், சக்திகளை வாங்கி விற்கும் சேத் வருகிறான். எல்லாரும் விற்றுவிட்டு வேறொன்றை வாங்குகிறார்கள். சரிவு அங்கேதான். கெல்லி திடீரென ராக்கெட் விஞ்ஞானியாகிறாள். சிரிப்பு வருது, ஆனா அது அவளுடைய வலி இல்லையே.

நேதனுக்குப் பதிலாக வந்த ரூடியைத்தான் எல்லாரும் திட்டினார்கள். வாய்ச்சவடால் ஒருவன், அழுமூஞ்சி ஒருவன் என இரண்டாகப் பிளக்கும் ரூடியின் சக்தி கடையில் வாங்கியதல்ல. மூன்றாம் சீசனில் பழைய 'மிஸ்ஃபிட்ஸ்' மிச்சமிருந்தது அவனிடம் மட்டும்தான்.