"என்ன கூட்டமுங்க?"

திருப்பூர்ப் பக்கம் கொங்கு வெள்ளாளக் கவுண்டர் வீடுகளில் கல்யாணப் பேச்சு எடுத்தால், ஜாதகத்தை விரிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "நீங்க என்ன கூட்டமுங்க?" ஓதாளன், காடை, ஆந்தை, தூரன், பயிரன், செங்கண்ணன் என்று ஏதாவது ஒரு குலப்பெயர் பதிலாக வரும். இரு பக்கமும் ஒரே பெயர் என்றால் பேச்சு அதோடு சரி. பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்றாலும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள். அண்ணன் தங்கை முறை.

குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நம்மிடையே அதன் வேலையைச் செய்வது கூட்டப்பெயர். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பலர் கையெழுத்திலிருந்து பட்டம் போயிற்று. கூட்டமோ காணிக் கோயிலிலும் பெரியவர்கள் நினைவிலும் தங்கிவிட்டது.

ஒரே கூட்டத்தில் மணம் கூடாதென்ற இந்த வழக்கத்தை மூடத்தனம் என்று தள்ள எனக்கு மனமில்லை. சொந்தக் கூட்டத்தில் பெண் எடுக்க முடியாது என்பதாலேயே காங்கேயத்துக்காரர் பல்லடத்திலும், தாராபுரத்துக்காரர் அவிநாசியிலும் சம்பந்தம் தேடினார்கள். ஊர்கள் பின்னிக்கொண்டன. பங்காளிக்குச் சொத்தில் பங்கு உண்டு, ஆகவே வழக்கும் உண்டு. மச்சானுக்குப் பங்கில்லை, அவரை நம்பி நூலைக் கடனுக்குக் கொடுக்கலாம், கூட்டாக நிட்டிங் மெஷின் வாங்கலாம். உழவிலிருந்து வந்த கவுண்டர்கள் பனியன் தொழிலில் முதலாளிகளான கதையை 2004இல் நூலாக எழுதிய ஷரத் சாரி, சகோதர உறவையே மூலதனமாகப் பார்த்தார். அந்தச் சகோதரத்துக்குள் மச்சான்களும் உண்டு என்பேன்.

ஆனால் கூட்டம் அப்பன் வழியை மட்டுமே எண்ணுகிறது. தாய்மாமன் மகள் உரிமைப் பெண். அவளுக்கும் பையனுக்கும் மரபணுவில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. இருபது தலைமுறைக்கு முன் பிரிந்த கூட்டத்துப் பெண்ணோடு பொதுவானது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நெருங்கிய ரத்தத்தைச் சேர்த்துவைத்து, தூரத்து ரத்தத்தை விலக்கும் ஒன்றை மருத்துவக் காரணம் சொல்லிக் காப்பாற்ற முடியாது. அம்மாவைப் பெற்ற குடும்பத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை என்பது எனக்கு இன்னும் பெரிய குறை.

சட்டம் எப்போதோ நகர்ந்துவிட்டது. ஒரே கோத்திரத் திருமணத்துக்கு இருந்த தடையை 1946ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கியது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் தந்தை வழியில் 5 தலைமுறை, தாய் வழியில் 3 தலைமுறை என்று நிறுத்திக்கொண்டது. குறைவான எண்ணிக்கை என்றாலும் தாயையும் எண்ணியது. தென் கொரியாவிலும் ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீக ஊரும் கொண்டவர்கள் மணக்கக் கூடாதென்ற விதியை அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 1997இல் செல்லாதென்றது. கிம்ஹே ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட கிம் குடும்பப் பெயரினர் மட்டுமே அங்கே லட்சக்கணக்கானோர். காதலித்த பிறகு பூர்வீகம் தெரிந்து தவித்தவர்கள் எத்தனையோ பேர்.

என்னை உறுத்துவது வேறொன்று. "என்ன கூட்டம்" என்ற கேள்வி பங்காளியை விலக்குவதற்கு முன்பே, அதற்குப் பதில் இல்லாதவர்களை விலக்கிவிடுகிறது. தையல் மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் அருந்ததியர் பெண்ணிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. சாதி வேலியைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதை 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த சங்கர் வெட்டப்பட்டபோது இந்த மாவட்டம் பார்த்தது. அது வேறு சாதியார் வீட்டு வழக்கு, வேலி ஒன்றுதான்.

சட்டம் சொல்லும் தலைமுறை வரம்பைத் தாண்டிய ஒரே கூட்டத்து இருவர் இன்று பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திட்டு வாழத் தடையில்லை. மாப்பிள்ளைக்கு இணைச்சீர்ச் சடங்கு செய்ய அக்காள் வருவாளா, கல்யாணத்தை நடத்திவைக்க அருமைக்காரர் ஒப்புவாரா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.