எதிரே ஆள் இல்லாத சிலம்பம்

ஊத்தங்கரை, செங்கம் வட்டாரங்களில் நடுகற்கள் ஏராளம். ஆநிரை கவரும் பூசலிலும் மீட்கும் பூசலிலும் மாண்டவர்களுக்கு நட்டவை அவற்றுள் பல. வாளும் வில்லும் ஏந்தி, சில கற்களில் உடம்பில் அம்பு தைத்தபடியே வீரன் நிற்கிறான். எதிரே ஒருவன் இருந்தான், அவனும் அடித்தான் என்பதை அந்த அம்பு மறைக்கவில்லை. இன்றைய சிலம்ப மேடைகளில் அந்த எதிராளியைத்தான் காணோம். கம்பு மின்னலாகச் சுழல்கிறது. மணிக்கணக்கில் சுற்றிச் சாதனைச் சான்றிதழ் வாங்குகிறார்கள். சுற்று வீண் என்று சொல்ல வரவில்லை. தோளும் மணிக்கட்டும் மூச்சும் அதில்தான் உரம் பெறுகின்றன. ஒரு மூங்கில் கம்பும் கொஞ்சம் வெற்றிடமும் போதும் என்பதால் ஏழைப் பிள்ளைக்கும் எட்டுகிறது. ஆனால் எவ்வளவு தூரத்தில் நிற்பது, எந்த நொடியில் காலடியை மாற்றுவது என்பதை, திருப்பி அடிக்கும் ஒருவர் முன்னால் நின்றால்தான் கற்க முடியும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அது பெருமைதான். காட்சியோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை.

பிள்ளைகளை மோதவிட்டால் அடிபடாதா என்று பெற்றோர் கேட்பது நியாயம். இதற்கு விடை ஜப்பானில் கிடைக்கிறது. 1882இல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, ஆபத்தான பிடிகளையும் குத்துகளையும் மோதல் பயிற்சியிலிருந்து விலக்கினார். எஞ்சியவற்றை, முழு பலத்தோடு எதிர்க்கும் இணையின்மேல் மாணவர்கள் தினமும் பழக முடிந்தது. அப்படித்தான் ஜூடோ வளர்ந்தது. நம்மிடமும் வழி உண்டு: கம்பு நுனியில் பொடி தடவி, உடம்பில் பட்ட தடத்தை எண்ணும் தொடுமுறைப் போட்டி. தலைக்கவசமும் மார்புக் கவசமும் சேர்த்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஆடலாம்.

தற்காப்புக்குச் சிலம்பம் உதவுமா, ஓசூர் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துப் பேருந்துக்கு நிற்கும் பெண்ணின் கையில் கம்பு ஏது என்ற கேள்வி இன்னும் கனமானது. கம்பு இருக்காதுதான். ஓங்கிய கையைக் கண்டு உறைந்துபோகாத கண்ணும், சட்டென விலகும் காலும் இருக்கும். ஆளோடு ஆள் பழகியவருக்கே அவை வாய்க்கும். பத்து நாள் தற்காப்பு வகுப்பு அவளைக் காத்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம். தெருவிளக்கும் பேருந்தும் அரசின், ஆலையின் பொறுப்பு.

பிள்ளையைச் சிலம்பத்துக்கு அனுப்புவோர் ஆசானிடம் இதைக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் என் பிள்ளை இன்னொரு பிள்ளையோடு எதிர்நின்று ஆடுகிறது?